ஷேக்ஸ்பியரில் காலை வாரும் சொற்கள்

ஹாம்லெட் நாடகத்தை முதல்முறை எடுப்பவர்கள் 'ஃபார்டல்', 'பாட்கின்' போன்ற சொற்களைப் பார்த்து மிரள்கிறார்கள். அவற்றால் ஆபத்தே இல்லை. தெரியாத சொல் என்று கண்ணுக்கே தெரியும், அடிக்குறிப்பைப் பார்த்தால் மூட்டை, குத்தூசி என்று முடிந்துபோகும். தெரிந்த முகத்தோடு வருகிற சொற்கள்தான் காலை வாரும்.

'லெட்' என்றால் விடு என்றுதானே படித்தோம்? ஆவியின் பின்னால் போகும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, அவன் வாயில் அதே சொல்லுக்குத் 'தடு' என்று பொருள். நேர் எதிர்! நம் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்பதிலும் இருப்பது இந்தப் பழைய லெட்தான். 'ப்ரெசன்ட்லி' என்றால் உடனே. 'ஸ்டில்' பல இடங்களில் எப்போதும். 'ஃபாண்ட்' என்றால் புத்திகெட்ட. லியர் மன்னன் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளும் இடத்தைப் பாசக்காரக் கிழவன் என்று படித்தால் காட்சியே போயிற்று. ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ' என்று கேட்டதை இன்றைய நாற்றமாக எடுத்துக்கொள்வதும் இதே பிழைதான்.

* * *

மேலே சொன்ன வகையில் அதிகம் பேர் சறுக்குவது 'வேர்ஃபோர்' என்ற சொல்லில். ரோமியோ எங்கே என்று ஜூலியட் தேடுவதாக நினைக்கிறார்கள். அதன் பொருள் 'ஏன்'. நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்கிறாள். அடுத்த வரியிலேயே உன் அப்பனை மறு, பெயரை விடு என்கிறாளே, அதுவே சான்று. சந்தேகம் வந்தால் முதலில் அடுத்த இரண்டு வரிகளைப் பாருங்கள், அகராதி பிறகு.

'தவ்', 'யூ' வேறுபாட்டில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலும் நீ, நீங்கள் என்றே வைத்துப் படிக்கலாம். ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி: இரண்டாம் கணவனை மனத்தில் வைத்து, உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று தாய் 'தவ்' போட்டுப் பேசுகிறாள். இறந்துபோன தந்தையை மனத்தில் வைத்து, என் தந்தையை நீங்கள்தான் புண்படுத்தினீர்கள் என்று மகன் 'யூ' போட்டுத் திருப்பித் தருகிறான். அந்த 'நீங்கள்' மரியாதையா, விலகலா? ஒரே எழுத்தளவு மாற்றத்தில் இவ்வளவு வெப்பம் இருப்பதை நம் காது உடனே பிடிக்கும்.

* * *

படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும். முதல் சுற்று நிறுத்தாமல், வாய்விட்டு. இடறும் இடத்தில் பென்சில் கோடு மட்டும். இரண்டாம் சுற்றில் அடிக்குறிப்போடு. நோட்டில் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், வரி முழுவதையும் எழுதி, அன்றைய பொருளையும் இன்றைய பொருளையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு காட்சிக்கு எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் ஏற்றினால் மறுநாள் எதுவும் தங்காது. இக்கால ஆங்கிலப் பெயர்ப்பை முதலில் படிக்கவே வேண்டாம். கதை கிடைக்கும், சொல் கிடைக்காது.

சாதாரண அகராதி இன்றைய பொருளைத்தான் முன்னால் தரும். ஷேக்ஸ்பியர் சொற்களுக்கென்றே தனி அகராதிகள் உண்டு. ஆனியன்ஸ் என்பவர் தொகுத்து 1911இல் வந்த சொற்கோவை கைக்கு அடக்கமானது. ஷ்மிட் என்பவர் தொகுத்த லெக்சிகன் இரண்டு பெரிய தொகுதிகள், ஆனால் ஒரு சொல் எந்த நாடகத்தில், எந்த வரியில் வருகிறது என்று காட்டிவிடும். அந்த வரிகளில் நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் தானே பிடிபடும்.

சில இடங்களில் ஷேக்ஸ்பியரே பொருள் சொல்லிவிடுகிறார். மேக்பெத்தில் 'இன்கார்னடைன்' என்ற பெரிய சொல்லைப் போட்டு, அடுத்த வரியிலேயே பச்சைக் கடலைச் சிவப்பாக்குவது என்று எளிய சொற்களில் உடைக்கிறார்.

வாய்விட்டுப் படிக்கும்போது வரிக்குப் பொதுவாகப் பத்து அசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் 'எட்' என்று முடியும் சொல்லைப் பாருங்கள். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் 'பானிஷ்ட்' பல இடங்களில் 'பா-னி-ஷெட்' என்று மூன்று அசையாக ஒலிக்க வேண்டும்.