16 கிலோ கெட்டில்பெல்: 12 நிமிஷத்துல கை விட்டுடுது. 30 நிமிஷம் கீழே வைக்காம எப்படிப் போறது?

மாடிஜிம்:
வணக்கம். என்கிட்ட கெட்டில்பெல், அதாவது மேலே கைப்பிடி வெச்ச, பெயின்ட் அடிச்ச வார்ப்பிரும்புக் குண்டு ஒன்னு இருக்கு, 16 கிலோ. வாரம் நாலு நாள், காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில ரெண்டு கை ஸ்விங் (குண்டைக் கால் நடுவுல இருந்து முன்னால மேலே வீசறது), நிமிஷத்துக்கு 36-38. குண்டைத் தரையில வைக்காம 30 நிமிஷம் போகணும். 11, 12-வது நிமிஷத்துல நின்னுடுது. மூச்சு தாங்குது, முன்கைதான் கல்லு மாதிரி இறுகி, விரல் தானா விரியுது. மோதிர விரலுக்குக் கீழ தோல் ரெண்டு தடவை கிழிஞ்சிடுச்சு. கை வழுக்காம இருக்கப் பூசற சாக் பவுடர் அஞ்சு நிமிஷத்துல வேர்வையோட சேர்ந்து சேறாயிடுது. கையுறை போட்டா இன்னும் வேகமா நழுவுது. மறுநாள் கீழ்முதுகு பிடிக்குது. ஹேண்ட் கிரிப்பர் வாங்கிப் பழகணுமா, இல்ல 12 கிலோவுக்கு இறங்கணுமா?

இரும்புக்குண்டு:
கிரிப்பர் வேண்டாம். உங்க பிடியில பலம் குறையல, அதுக்கு ஓய்வு கிடைக்கல. நிமிஷத்துக்கு 37-னு வெச்சா 12 நிமிஷத்துல 444 ஸ்விங். ஒவ்வொரு தடவை குண்டு கால் நடுவே இறங்கும்போதும் 16 கிலோவைவிட அதிகமான இழுவை விரல்லதான் விழுது. மேலே குண்டு மிதக்கிற கணத்துலயாவது விரலைத் தளர்த்தலாம். ஆனா களைச்சவங்க பயத்துல அப்பவும் இறுக்கிப் பிடிப்பாங்க. இறுகின தசைக்குள்ள ரத்த ஓட்டம் சரியா நடக்காது. அந்தக் கல்லு மாதிரி உணர்வு அதுதான்.

ரெண்டு கை ஸ்விங்ல குண்டை நிறுத்தி வைக்க இடமே கிடையாது. அதனால அரை மணி நேரத்துக்கு அது தப்பான தேர்வு. ரஷ்யாவுல இருந்து வந்த கெட்டில்பெல் விளையாட்டைப் பாருங்க. வழக்கமான போட்டி 10 நிமிஷம், அரை மாரத்தான் 30, மாரத்தான் 60. குண்டு தரையைத் தொட்டா ஆட்டம் முடிஞ்சது. அதுல ஒரு கை லாங் சைக்கிள்னு ஒன்னு உண்டு: ஒவ்வொரு ரெப்புக்கும் (ஒரு முழுச் சுற்றுக்கும்) ஒரு கிளீன், அதாவது கால் நடுவுல இருந்து குண்டை மார்புக்குக் கொண்டுவர்றது; ஒரு ஜெர்க், அதாவது முழங்காலை மடக்கி உந்தித் தலைக்கு மேல தூக்கறது. அரை மாரத்தான்ல எத்தனை தடவை வேணும்னாலும் கை மாத்திக்கலாம். முக்கியமான விஷயம், ஒரே ரெப்புக்குள்ள ஓய்வெடுக்க ரெண்டு இடம் இருக்கு: மார்போட ஒட்டிய ரேக், தலைக்கு மேல பூட்டிய நிலை. ரெண்டுலயும் விரல் முழுசாத் திறந்தே இருக்கலாம்.

12 கிலோவுக்கு இறங்குங்க. இதுல கௌரவம் பார்க்க ஒன்னுமில்ல.

நிதானம்35:
மேலே சொன்னது சரி. ஆனால் ரேக் சரியாக அமையாதவருக்கு லாங் சைக்கிள் ஸ்விங்கைவிடக் கொடுமை. எனவே முதல் வாரம் ரெப் எண்ண வேண்டாம். ரேக்கில் நிற்க மட்டும் பழகுங்கள். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம், பிறகு மறு பக்கம்.

கைப்பிடி உள்ளங்கையில் குறுக்கே சாய்வாகக் கிடக்க வேண்டும்: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட இடத்தில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை அடிமேட்டில் முடிய வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். குண்டு முன்கைக்கும் மேற்கைக்கும் நடுவே உள்ள மடிப்பில் உட்காரும். முழங்கை முனை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றியிருக்கும். முழங்கால் நேர், இடுப்பு சற்று முன்னே. இப்படி நின்றால் எடை முழங்கை வழியாக இடுப்பெலும்புக்கும், அங்கிருந்து காலுக்கும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் தோளுக்கு அனேகமாக வேலையே இல்லை. சோதனை எளிது: ரேக்கில் நின்றபடி ஐந்து விரலையும் பியானோ வாசிப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மாடிஜிம்:
நன்றி அக்கா. நின்னு பார்த்தேன். முழங்கை இடுப்பெலும்புக்கு நாலு விரல் மேலேயே நிக்குது. எட்ட வைக்கணும்னு பின்னால வளைஞ்சா கீழ்முதுகுல பிடிக்குது.

நிதானம்35:
வளைவது தவறான இடத்தில் நடக்கிறது. கீழ்முதுகை மடக்காதீர்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னே தள்ளுங்கள். மேல்முதுகைக் கொஞ்சம் கூன விடுங்கள். ஜிம்மில் "நெஞ்சை நிமிர்த்து" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதால் இது அசிங்கமாகத் தோன்றும், ஆனால் இங்கே அதுதான் வசதி. கை குட்டையானவர்களுக்கு அப்போதும் எட்டாமல் போகலாம். அவர்கள் எடை தூக்கும் பெல்ட்டை வழக்கத்தைவிடத் தாழ்வாக, தளர்வாகக் கட்டி, முழங்கையை அதன் மேல் விளிம்பில் ஊன்றுவார்கள். நழுவாமலிருக்கப் பனியன் பருத்தியாக இருக்கட்டும். வழுவழுப்பான விளையாட்டுச் சட்டையில் முழங்கை நிற்காது.

உங்கள் மறுநாள் பிடிப்புக்கு ஸ்விங்கும் காரணமாக இருக்கலாம். களைத்த பிறகு குண்டு முழங்காலுக்குக் கீழே தாழ்ந்துபோகிறதா என்று வீடியோ எடுத்துப் பாருங்கள். தொடையின் மேற்பகுதியை ஒட்டிப் போகவேண்டியது தாழ்ந்தால் பாரம் கீழ்முதுகில் விழும்.

இரும்புக்குண்டு:
இனி தோலுக்கு வருவோம். கிழியறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம்.

ஒன்னு, கைப்பிடி. பெயின்ட் வழுக்கும், அது சாக்கைப் பிடிக்காது. கைப்பிடியோட உள்பக்கத்தை விரலால தடவுங்க, வார்ப்பு வரி ஒன்னு மேடா தட்டுப்படும். அதை அரத்தால ராவி, 120 நம்பர் எமரி பேப்பரால பெயின்ட் போற வரைக்கும் தேய்ங்க, கடைசியில 240-ஆல ஒரு தடவை. கைப்பிடியை மட்டும், உருண்டையைத் தொட வேணாம். வெறும் இரும்பு துருப்பிடிக்கும். முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைச்சு வீட்டுக்குள்ள வைங்க. எண்ணெய் மட்டும் பூசிடாதீங்க. போட்டிக் குண்டு வாங்கினா இந்த வேலையே இல்ல. 8 கிலோவோ 32 கிலோவோ உருவ அளவு ஒன்னுதான், கைப்பிடி பொதுவா 35 மில்லிமீட்டர்.

ரெண்டாவது, கீழே விடும் விதம். ரேக்ல இருந்து குண்டை முன்னால தூக்கி எறியாதீங்க. உடம்பைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு, மேற்கையை விலாவோட ஒட்டி வெச்சு, நேரா கீழே விழ விடுங்க. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் உள்ளங்கையில இருக்கிற கைப்பிடி விரல் மடிப்புக்கு மாறணும். மாத்தாம உள்ளங்கையிலயே இறுக்கினா, கைப்பிடி உருண்டு வந்து மோதிர விரல் அடியில தோலைக் கிள்ளும். நீங்க சொன்ன அதே இடம். பிடி கொக்கி மாதிரி: கட்டைவிரலை ஆட்காட்டி விரல் நகத்து மேல மடக்கி வைங்க.

காய்ப்பை வாரம் ரெண்டு தடவை, குளிச்சதும், பாதம் தேய்க்கிற கல்லால சமமா தேய்ங்க. முழுசா எடுக்காதீங்க, மேடா நிக்கறதுதான் கிழியும். கையுறையைத் தூக்கிப் போடுங்க. துணி மடிஞ்சு தோலைக் கிள்ளும், பிடியும் தடிச்சுடும்.

சாக் சேறாகறதுக்கு: முழங்கைக்குக் கீழ ஒரு டவல் பட்டை மாட்டுங்க, மேல இருந்து வழியற வேர்வை அங்கேயே நிக்கும். சாக்கைக் கையில போடறதைவிட கைப்பிடியில அழுத்தித் தேய்ங்க. கை மாத்தும்போது காலியான கையைத் தொடையில துடைச்சுக்கலாம். அதுக்காகவே ஒரு பருத்தி டிராக் பேன்ட் வெச்சுக்கோங்க.

மாடிஜிம்:
வேகம் எவ்வளவு? எப்படி ஏத்தணும்?

நிதானம்35:
12 கிலோ, நிமிடத்துக்கு 6 ரெப். அதாவது 10 நொடிக்கு ஒன்று. கைப்பேசியில் 10 நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும் டைமர் வையுங்கள். ஒலித்ததும் கிளீன், ரேக்கில் இரண்டு முழு மூச்சு, ஜெர்க், மேலே முழங்கை பூட்டி ஒரு மூச்சு, ரேக்குக்கு இறக்கம். ஒவ்வொரு நிமிடமும் கை மாற்றம். குண்டு தொப்புள் உயரத்தில் மிதக்கும் கணத்தில் மாற்றுங்கள், தாழ்ந்த பிறகு அல்ல.

மூச்சு உடம்பைப் பின்பற்றட்டும். உடம்பு மடங்கும்போது வெளியே, நிமிரும்போது உள்ளே. ஜெர்க்கில் முதலில் முழங்காலை மடக்கும்போது விடுங்கள், உந்தும்போது இழுங்கள், குண்டுக்கு அடியில் அமரும்போது விடுங்கள், நிமிர்ந்து இழுங்கள். மூச்சை அடக்கினால் 8-வது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

வாரம் மூன்று நாள் போதும். நீளும் நாள் ஒன்று: 12, 15, 18 நிமிடம், நான்காவது வாரம் 14-க்கு இறக்கம், பிறகு 21, 24, 27, மறுபடி 20, ஒன்பதாவது வாரம் 30. இன்னொரு நாள் அதில் பாதி நேரம், அதே வேகம். மூன்றாவது நாள் 16 கிலோவில் 6 முதல் 8 நிமிடம், நிமிடத்துக்கு 5. முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் இருங்கள். பேச்சு துண்டு துண்டானால் அடுத்த நிமிடம் ஒரு ரெப் குறையுங்கள். குண்டை வைக்க வேண்டாம், ரேக்கில் நின்றாலே போதும்.

இரும்புக்குண்டு:
ஒரு சின்ன மாறுபாடு. சென்னை மாதிரி புழுக்கத்துல அதே வேகத்துலயும் 20 நிமிஷத்துக்கு மேல இதயத்துடிப்பு ஏறிக்கிட்டே போகும். அதைப் பார்த்துப் பயந்து திட்டத்தைக் கலைக்காதீங்க, நிழலுக்கு மாறுங்க. முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. அதை ஒரே மூச்சுல குடிக்காம, அடுத்த ரெண்டு மணி நேரத்துல உப்புப் போட்ட மோராவோ ஓஆர்எஸ்ஸாவோ திருப்பிக் கொடுங்க.

எச்சரிக்கை: ரெப் எண்ணிக்கையைத் திடீர்னு ரெட்டிப்பாக்கி, மறுநாள் சிறுநீர் கோலா நிறத்துல போனா, உடனே ஆஸ்பத்திரி. தசை சிதைஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. நெஞ்சுவலி, தலைசுற்றல், விரல் மரத்துப்போறது வந்தாலும் அந்த நிமிஷமே குண்டை வைங்க.

மாடிஜிம்:
மூணு வாரம் ஆச்சு. 18 நிமிஷம், 108 ரெப், தோல் முழுசா இருக்கு, முன்கையும் இறுகல. புதுப் பிரச்சினை: இடது மணிக்கட்டுக்கு மேல கன்னிப்போகுது, கிளீன்ல குண்டு அடிக்குது. வலது பக்கம் இல்ல. வாட்ச்ல துடிப்பும் தாறுமாறா காட்டுது.

நிதானம்35:
இடது கையில் வாட்ச் கட்டியிருக்கிறீர்கள்தானே? கழற்றுங்கள். குண்டு அதன் மேல்தான் விழுகிறது, பட்டை நகர்வதால் அளவும் தவறுகிறது. துடிப்பு பார்க்க வேண்டுமானால் மார்புப் பட்டை வாங்குங்கள். பிறகும் அடித்தால், குண்டு உங்கள் கையைச் சுற்றி மேலே கவிழ்கிறது என்று அர்த்தம். தொப்புளைத் தாண்டியதும் விரலைத் திறந்து, கையைக் கைப்பிடிக்குள் ஈட்டிபோல் நுழையுங்கள். இடது கையால் மட்டும் 20 கிளீன், ஜெர்க் இல்லாமல், சூடேற்றத்தின்போது.

மாடிஜிம்:
ஆமா, வாட்ச் இடது கைலதான். நாளைக்குக் கழட்டிட்டுப் பார்க்கறேன்.