குன்றக்குடியிலிருந்து பழனிக்கு: ஊசியும் நூலும் வைத்திருந்த ஆத்தா

பாதயாத்திரையில் மறக்க முடியாத ஆள் யார் என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது, சமுத்திராப்பட்டி தாண்டி நத்தம் போகிற வழியில் இருக்கும் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணைதான். 2024 தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை. நாங்கள் பதினோரு பேர், 20ஆம் தேதி விடிவதற்கு முன்பே குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நகரத்தார் காவடிகள் கூடிப் புறப்படுகிற அதே குன்றக்குடிதான், ஆனால் நாங்கள் காவடி எடுக்கவில்லை, பச்சை வேட்டியும் தோளில் ஒரு பையும் மட்டும். பழனிக்குச் சுமார் 150 கிலோமீட்டர், ஐந்து நாள் கணக்கு.

எனக்கு அது முதல் வருடம். செருப்பில்லாமல் நடப்பது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தை மாதம், வெயில் என்ன பெரிய வெயில் என்று நினைத்தது தப்பு. முதல் நாள் திருப்பத்தூர் வரை ஒன்றும் தெரியவில்லை. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்ட ஊர் அது, அந்த நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு சிங்கம்புணரி நோக்கி நடந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது, தார் காய ஆரம்பித்துவிட்டது. பழைய சாமி ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார், ரோட்டு ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேலேயே நட, அங்கே சூடு குறைவு என்று. உண்மைதான். ஆனால் அதற்குள் வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் வந்துவிட்டது.

மறுநாள் கொட்டாம்பட்டி தாண்டியதும் நான் காலைப் பக்கவாட்டில் வைத்து நடந்துகொண்டிருந்தேன். சமுத்திராப்பட்டிக்கு அப்புறம் கூட்டத்தில் நான் மட்டும் பின்தங்கிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தார். "சாமி, இங்கிட்டு வந்து உக்காரு. காலை நீட்டு." பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, ஒரு நூல்கண்டு, ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்த தேங்காய் எண்ணெய், ஒரு அண்டாவில் வெந்நீர். அன்றைக்கு எனக்கு முன்னால் எத்தனை கால்கள் அந்தத் திண்ணையில் நீண்டிருக்குமோ!

வெந்நீர் ஊற்றித் தன் கையாலேயே கழுவினார். நான் கூச்சப்பட்டு காலை இழுத்தேன், கணுக்காலைப் பிடித்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை விளக்குச் சுடரில் காட்டி, வெள்ளை நூலைக் கோத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் எடுத்தார். நூலை உருவவில்லை. உள்ளேயே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் அரை விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கத்தரித்தார். "தோலைக் கிழிச்சிட்டா வெறும் சதை மண்ணுல படும். இது நூல் வழியா நீரு தானா இறங்கிரும்." அப்புறம் மஞ்சள் எண்ணெயைத் தடவி ஒரு பழைய சேலைத்துணியால் கட்டிவிட்டார். காசு கொடுக்கப் போனேன், "பழனியாண்டவன்கிட்ட போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். (சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்துகொள்ளாதீர்கள், வழியில் மருத்துவ முகாம்கள் இருக்கின்றன, அங்கே காட்டுங்கள்.)

எல்லா இடமும் அப்படி இல்லை. ஒரு ஊரில் இரவு தங்கிய மண்டபத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டார்கள், பெண்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் விடியற்காலை மூன்று மணிக்கு, பனியில் பல் கிட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பியபோது, ஒரு குடும்பமே வாசலில் அடுப்பு மூட்டி சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளை ஒன்று குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டம்ளரை நீட்டியது.

நத்தத்திலிருந்து கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாக இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். திண்டுக்கல் தாண்டினால் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. ஒரே சாலையில் மூன்று சத்திரம்! வழிப்போக்கனுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்த ஊர்கள் என்று பெயரே சொல்கிறது. பஸ்ஸில் நூறு தடவை இந்த வழியில் போயிருக்கிறேன், நடந்தபோதுதான் அது காதில் விழுந்தது. ஒட்டன்சத்திரத்தில் இருட்டோடு காய்கறி மார்க்கெட்டைக் கடந்தோம், லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தி "அரோகரா" என்று குரல் கொடுத்தார்கள், அந்தச் சத்தத்தில் எங்கள் நடை தானாக வேகமெடுத்தது.

அப்புறம் விருப்பாச்சி. ரோட்டோரம் மலைவாழைப்பழம் வைத்திருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சிவகங்கைப் பக்கம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "சிவகங்கைச் சீமையா? அப்ப நீங்க எங்களுக்குச் சொந்தம்யா." 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் இறந்தபின் வேலு நாச்சியார் வந்து அடைக்கலம் தேடியது இந்த விருப்பாச்சியில்தான், கோபால நாயக்கர் காத்தார், 1780இல்தான் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருக்கிறேன். ஆனால் ராணி பிழைக்க வந்த திசையில்தான் நாங்களும் காலைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அந்தப் பெரியவர் சொல்லித்தான் உறைத்தது. ஆளுக்கு இரண்டு பழம் கையில் திணித்தார். பஞ்சாமிர்தத்தில் போடுகிற அதே விருப்பாச்சிப் பழம், சின்னதாக, சொரசொரப்பாக, தேன் மாதிரி. காசு வாங்கவே மாட்டேன் என்றார்.

24ஆம் தேதி சாயங்காலம் இடும்பன் குளத்தில் இறங்கியபோது கட்டை அவிழ்த்தேன். கொப்புளம் வற்றி தோல் ஒட்டியிருந்தது, நூல் மட்டும் தண்ணீரில் கழன்று போனது. 693 படி ஏறுவதற்கு எனக்கு அந்தக் குதிகால் வலிக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது நத்தத்தில் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் பஞ்சாமிர்த டப்பாவோடு போனேன். ஆத்தாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். குதிகாலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆறிருச்சு. அடுத்த வருசம் காலையில வெள்ளன வா, கூட்டத்துக்கு முந்தி. வெந்நி சூடா இருக்கும்."