5 × 3^ய = 40: மடக்கை எடுத்தும் விடை பொருந்தாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். தெரியாத எண் அடுக்கில் நிற்கும் சமன்பாடுகளை இயல் மடக்கையை, அதாவது 2.71828… என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட மடக்கையை, வைத்துத் தீர்க்கப் பயின்று வருகிறேன். 5 × 3^ய = 40 என்பதில் 5-ஐயும் 3-ஐயும் பெருக்கி 15^ய = 40 என எழுதி, இருபுறமும் மடக்கை எடுத்து, ய = மடக்கை 40 ÷ மடக்கை 15 = 1.3622 என்று பெற்றேன். ஆனால் இம்மதிப்பை மீண்டும் பிரதியிட்டால் இடப்பக்கம் 40-க்குப் பதிலாக ஏறத்தாழ 22.3 வருகிறது. எந்தப் படியில் தவறினேன் என்று விளக்க இயலுமா?

மறுமொழி 1:
விடையைப் பிரதியிட்டுப் பார்த்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. பிழை மடக்கையில் இல்லை. அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. ய என்ற அடுக்கு 3-க்கு மட்டுமே உரியது, முன்னால் நிற்கும் 5-க்கு அதில் பங்கில்லை. ய = 2 என வைத்துப் பாருங்கள்: 5 × 3² என்பது 45, 15² என்பதோ 225.

ஆகவே முதலில் இருபுறமும் 5-ஆல் வகுத்து 3^ய = 8 என்று அடுக்கைத் தனியே நிறுத்துங்கள். 3² = 9 என்பதால் விடை 2-க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்று இப்போதே தெரிந்துவிடுகிறது. மடக்கை எடுத்தால் ய × மடக்கை 3 = மடக்கை 8; எனவே ய = 2.0794 ÷ 1.0986 = 1.8928. இந்த இடத்தில் பலர் மடக்கை 8 ÷ மடக்கை 3 என்பதை (8 ÷ 3)-இன் மடக்கையாக எண்ணி 0.9808 என எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு, மடக்கைகளைக் கழித்தால்தான் 8 ÷ 3-இன் மடக்கை கிடைக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, தெளிவாகிவிட்டது. இதையே 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் செய்தால் விடை மாறுமா?

மறுமொழி 2:
மாறாது. 0.90309 ÷ 0.47712 என்பதும் 1.8928-தான். அடிமானத்தை மாற்றும்போது தொகுதியும் பகுதியும் ஒரே காரணியால் பெருக்கப்படுவதால் விகிதம் அப்படியே நிற்கிறது. சமன்பாட்டிலேயே ஈ, அதாவது 2.71828… என்ற எண், அடிமானமாக வரும்போதுதான் இயல் மடக்கையின் அருமை புரியும்: ஈ^(2ய) = 7 எனில் 2ய = மடக்கை 7 என ஒரே வரியில் முடிந்துவிடும், ஏனெனில் ஈ-இன் இயல் மடக்கை 1.

மறுமொழி 3:
அடுத்து நீங்கள் சந்திக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஈ^(2ய) − ஈ^ய − 6 = 0 போன்ற சமன்பாட்டில் உறுப்பு உறுப்பாக மடக்கை எடுக்கவே கூடாது; மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்குமே தவிர, கூட்டலையும் கழித்தலையும் உடைக்காது. ஈ^ய = ம எனக் கொண்டால் ம² − ம − 6 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது; அதன் மூலங்கள் 3, −2. ஈ-இன் எந்த மெய்யெண் அடுக்கும் குறை எண்ணாகாது என்பதால் −2-ஐத் தள்ளிவிட வேண்டும். ஈ^ய = 3 என்பதிலிருந்து ய = மடக்கை 3 = 1.0986 என்ற ஒரே தீர்வு எஞ்சுகிறது.