வேலை கிடைத்த பிறகு வரும் நாற்பது நாள்

மதுரையில் வேலை தேடுபவர்களுக்கு உதவும் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலராக இருக்கிறேன். பயோடேட்டா எழுதித் தருவது, கப்பலூர், கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகள் பக்கம் ஆள் கேட்கும் இடங்களுக்குப் போன் போடுவது, தனியாகப் போகத் தயங்குபவர்களோடு நேர்காணலுக்குப் போவது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அங்கே பார்த்ததில் சிலதைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இரண்டாவது வாரமே ஆளைக் காணோம் என்று அங்கிருந்து போன். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்குறதில்ல சார்" என்றார் சூப்பர்வைசர். தம்பியைக் கூப்பிட்டால் காய்ச்சல் என்றான். விடாமல் கேட்டதும்தான் வாயைத் திறந்தான். "பஸ்ஸுக்கு அம்மாகிட்ட கேட்க முடியலண்ணே. அதுவே கடன் வாங்கித்தான் வீட்டை ஓட்டுது."

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தால், சம்பளம் அடுத்த மாதம் 7 அல்லது 10ஆம் தேதிதான் வரும். கிட்டத்தட்ட 40 நாள். அதுவரை போக வர பஸ், மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ், போட்டோ எல்லாமே கைக்காசு. இத்தனை மாதம் வேலை இல்லாமல் இருந்தவனிடம் அது எங்கிருந்து வரும்? பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. எங்களிடம் வரும் அக்காமார் பலர் வீட்டிலிருந்து தள்ளி வேலைக்குப் போகத் துணிந்ததே அதனால்தான். ஆண்பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

எங்களோடு இருக்கும் பெரியவர் ஒருவர், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், அன்றைக்கே ஒரு வழி சொன்னார். வாரா வாரம் அந்த வாரத்து பஸ் காசை மட்டும் கைமாற்றாகக் கொடுப்போம், சம்பளம் வந்ததும் இரண்டு தவணையில் திருப்பித் தரட்டும், வட்டி வேண்டாம் என்றார். மொத்தமாகக் கொடுத்தால் வீட்டில் அரிசிக்குப் போய்விடும், அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது. அப்புறம் நான் நேரில் போய் சூப்பர்வைசரிடம் பேசினேன். விஷயம் புரிந்ததும் மனுஷன் இறங்கி வந்தார். இரண்டாவது ஷிஃப்ட் விடும்போது இவன் ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும் என்பதையும் சொன்னேன், பகல் ஷிஃப்டே போட்டுக் கொடுத்தார். தம்பி இன்றும் அங்கேதான் இருக்கிறான். வாங்கிய காசைச் சொன்னபடி கட்டி முடித்துவிட்டான்.

இன்னொருவர் செல்லூர் அக்கா. வீட்டுக்காரர் தறிக்காரர். தறி நின்றுபோனதும் இவர் ஒரு கேன்டீனில் சேர்ந்தார். முதல் சம்பளம் வாங்கிய கையோடு சம்பளச் சீட்டைப் பர்ஸில் நாலாக மடித்து எடுத்து வந்துவிட்டார். "பன்னிரண்டாயிரம்னு சொன்னீங்களே தம்பி, கையில பத்தாயிரத்துச் சொச்சம்தான வந்திருக்கு?" பிடித்தமே இல்லாமல் பதினோராயிரம் தரும் கடை ஒன்றை நாத்தனார் சொல்லியிருக்கிறார், அங்கே போகலாமா என்று கேட்டார்.

சீட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், 1,440 ரூபாய். அதே அளவு முதலாளியும் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, 0.75 சதவீதம், வெறும் 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். அந்த 90 ரூபாய்க்குத் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவருக்கும் பார்ப்பாங்களா? இழைப்பு இருக்கு. ராத்திரி படுக்க முடியல."

பார்ப்பார்கள், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் என்றேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும், நமக்கில்லை என்று இத்தனை வருஷம் தாண்டிப் போன ஆஸ்பத்திரி அது. மறு வாரமே கார்டில் கணவர் பெயரைச் சேர்க்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வந்தார். அந்தக் கடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சம்பளச் சீட்டை வாசிக்கச் சொல்லித் தருவதையும் தன்னார்வலர்கள் முக்கிய வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மனசு ஆறாத ஒன்றும் உண்டு. ஏர்போர்ட்டில் வேலை என்று சொல்லி, யூனிஃபார்முக்கும் பயிற்சிக்கும் என ஒரு பெண்ணிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம். அந்த நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. புகார் கொடுக்கக் கூடவே போனோம், பணம் வரவில்லை. வேலைக்கு முன்பணம் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோ.புதூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு இலவசம், அவர்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கும் கட்டணம் இல்லை. பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்க வேண்டாம்.

எங்கள் கைமாற்றுப் பணம் இப்போதைக்குச் சிலருக்குத்தான் போதுமானதாக இருக்கிறது. மேலூர், திருமங்கலம் பக்கம் இதே வேலை செய்பவர்கள் இருந்தால், அந்த முதல் 40 நாளை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கம்பெனியிடமே பேசி முதல் மாதம் மட்டும் வாரச் சம்பளமாக வாங்கிக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?