தனியார் கல்லூரியில் திரைக்கலை பயில்வது குறித்து

கேள்வி:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ள என் மகள் நடிப்பும் ஒளிப்பதிவும் பயில விரும்புகிறாள். தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால், லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தித் தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
ஐயா, பணம் கட்டுவதற்கு முன், கேமராவும் விளக்குகளும் மாணவர் கைக்கு எத்தனை நாள் கிடைக்கும், இறுதியாண்டுக் குறும்படத்தின் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்; நடிகர்களின் சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் மாணவர் தலையில் விழும் இடங்கள் உண்டு. முன்னாள் மாணவர்களின் குறும்படங்களைக் கேட்டுப் பாருங்கள். வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்பதிலேயே ஒலிப்பதிவுப் பயிற்சியின் தரம் தெரிந்துவிடும். சாலிகிராமத்து எல்.வி.பிரசாத் அகாடமி ஸ்டுடியோ வளாகத்திலேயே இயங்குவது மாணவர்களுக்குப் பெரிய வாய்ப்பு என்பது என் கருத்து.

மறுமொழி 2:
நடிப்பில்தான் அவர் மனம் ஊன்றியிருக்கிறது என்றால், கல்லூரிக்கு முன் நாடகக் குழுவை நாடுவதே நல்லது. ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் உடலையும் குரலையும் பழக்கிக்கொண்டுதான் பசுபதி போன்றோர் திரைக்கு வந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கல்லூரிகளை நேரில் பார்க்கும்போது குறும்படச் செலவைப் பற்றியே முதலில் கேட்கிறேன்.