பள்ளி கவுன்சலரிடம் உங்கள் பிள்ளை பேசியதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

மதுரை அம்மா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கவுன்சலர் மேடம் வரச் சொன்னார். "என்ன சொன்னாள் மேடம்?" என்று கேட்டேன். எனக்குப் பதில் சொல்லாமல் அவள் பக்கம் திரும்பி, "நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா? இன்னைக்கு வேண்டாம்னாலும் சரி" என்றார். பெற்றவளை உட்கார வைத்துக்கொண்டு பிள்ளையிடம் அனுமதி கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் தலை நிமிராமல், "நீட் வேண்டாம்மா" என்றாள். மேடம் கேட்காமல் விட்டிருந்தால் வாய் திறந்திருப்பாளா தெரியவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர்:
எங்கள் பள்ளியில் கவுன்சலர் என்று தனியாக ஆள் கிடையாது. பிள்ளைகள் மனதில் உள்ளதை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டிதான். அதில் ஒரு சீட்டு: "எனக்கு யார்கிட்டயாவது பேசணும்." பெயர் இல்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார் ஒருவர், தலைமையாசிரியர் விடவில்லை. மதியம் நூலகத்தில் இருப்பேன் என்று காலை வணக்கக் கூட்டத்தில் பொதுவாகச் சொன்னேன். யாரும் வரவில்லை. எந்தப் பிள்ளையோ என்று இன்னும் அடித்துக்கொள்கிறது.

தம்பியின் அக்கா:
மதுரை அம்மா, உங்களுக்கு நல்லவர் அமைந்தார். என் தம்பி அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னது மறுநாளே ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர்தான் கவுன்சலரும். மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

கவுன்சலர்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கவும் முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கையை நீட்டினாள். நான் கை வைக்கவில்லை. "உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பாத் தொட்டாலோ நான் சொல்லியே ஆகணும். மத்தது நமக்குள்ள" என்றேன். நீட்டிய கையை அவள் மடக்கவே நேரமானது. அப்புறம் சொன்னாள்.

பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். பெற்றோர் பள்ளியில் கேளுங்கள்: கவுன்சலர் பாடமும் எடுக்கிறாரா? குறிப்புகளை யார் பார்க்கலாம்? பேசத் தனி அறை உண்டா? வீட்டுக்கு வந்ததும் "என்ன பேசினே?" என்று துருவாதீர்கள். கவுன்சலர் இல்லாத பள்ளிகளில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். ஆசிரியர் ஐயா, நூலகத்தில் உட்காருவதை நிறுத்திவிடாதீர்கள். சீட்டு எழுதியவர் முதலில் தூர நின்று உங்களைப் பார்ப்பார்.