எரிச்சல் நின்றதும் சந்தோஷப்பட்டோம் – பாரெட்ஸ் அனுபவங்கள்

குடியாத்தம் மகள்
நைனாவுக்குப் போன மாதம் எண்டோஸ்கோபி, பாரெட்ஸ் என்று வந்துவிட்டது. உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகும் நோயாம், சிலருக்குப் பின்னால் புற்றாகலாமாம். கைலி நெய்பவர், வயது 61, தொந்தி உண்டு, பீடி சிகரெட் கிடையாது. 15 வருடமாக எதுக்களிப்பு. தறியில் குனிந்தாலே புளிப்பு தொண்டைக்கு ஏறும். மெடிக்கலில் ரோஸ் கலர் டானிக் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி தறியில் உட்காருவார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். உணவுக்குழாய் முழுக்க வெளுத்த ரோஜா நிறம். வயிற்றுக்குச் சற்று மேலே மட்டும் அந்த வெளுப்புக்குள் செக்கச்சிவந்த நாக்குகள் நாலைந்து ஏறி நிற்கின்றன. "ரெண்டு வருஷமா எரியவே இல்லையே சார், சரியாயிடுச்சுன்னு நெனச்சோமே" என்றேன். "அமிலம் பட்டுப் பட்டு உள்தோல் குடல் தோல் மாதிரி மாறிடுச்சும்மா. மாறின தோலுக்கு அவ்வளவா எரியாது" என்றார்.

எரிச்சல் நின்றதற்குக் கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தோம் நாங்கள். அதுதான் மனதை அறுக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனி
எனக்கும் பாரெட்ஸ்தான். உள்தோலில் துணுக்கு எடுத்துப் பார்த்த முதல் பயாப்ஸியில் 'லோ கிரேடு டிஸ்பிளேசியா' என்று எழுதியிருந்தார்கள். செல்கள் கெட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பார்க்கட்டும் என்றார் டாக்டர். கண்ணாடி ஸ்லைடுகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "டிஸ்பிளேசியா இல்லை, அமிலப் புண்தான் அப்படித் தெரிந்திருக்கிறது" என்று பதில் வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் தூக்கமில்லை.

தங்கச்சி, நைனாவுக்குக் காரத்தை முதலில் நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் காரம்தான் காரணம்.

பேரணாம்பட்டு
அண்ணா, அது சரியில்லை. காரம் சாப்பிட்டால் சிலருக்கு எரிச்சல் கூடும், அவ்வளவுதான். பாரெட்ஸ் வருவது வருடக்கணக்கில் அமிலம் மேலேறுவதால். ஆண், 50 தாண்டியவர், தொப்பை, புகை, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவைதான் அதற்கான ஆபத்தைக் கூட்டும்.

உணவுக்குழாய்ப் புற்றில் நம் நாட்டில் அதிகம் வருவது பாரெட்ஸிலிருந்து வருவதல்ல, இன்னொரு வகை. அது புகையிலை, சாராயம், கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது இவற்றால் வருவது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் பெரியப்பா பீடியும் டீயுமாகவே வாழ்ந்தவர், அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஆற்றாமல் குடிப்பார். அவருக்கு உள்ளே அயோடின் அடித்துப் பார்த்தார்கள். நல்ல தோல் பழுப்பாகிவிட்டது, கட்டை விரல் அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் நிறம் ஏறாமல் வெளுப்பாகவே நின்றது. புற்றாகும் முன்பே எண்டோஸ்கோபி வழியாகவே அதைச் சீவி எடுத்துவிட்டார்கள்.

காட்பாடி அம்மா
என் வீட்டுக்காரருக்கு ஹை கிரேடு டிஸ்பிளேசியா, செல்கள் ரொம்பவே கெட்டுப்போன நிலை. புடைப்பாக இருந்ததை வெட்டி எடுத்து, மீதியை ரேடியோ அலைச் சூட்டில் மூன்று தடவையாகப் பொசுக்கினார்கள். முதல் தடவை முடிந்த இரவு ஆறிய கஞ்சி ஒரு வாய் விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போகவில்லை.

மகளே, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அமில மாத்திரையைக் காலை டிபனுக்கு அரை மணி முன்னால் கொடு. சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பலன் குறைந்துவிடும். எரியவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடு. தலையணையை அடுக்காதே, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். தொந்தி குறையட்டும், கைலியை இறுக்கிக் கட்ட வேண்டாம். ரிப்போர்ட்டில் எத்தனை சென்டிமீட்டர், டிஸ்பிளேசியா உண்டா இல்லையா, இந்த இரண்டையும் கேட்டுக் குறித்து வை. பொசுக்கும்படி வந்தால், பிறகு சிலருக்குக் குழாய் சுருங்கும், சோறு விக்கும். பலூன் வைத்து விரிப்பார்கள், பயப்படாதே.

குடியாத்தம் மகள்
நன்றி அம்மா. கேட்டேன். 4 சென்டிமீட்டர், டிஸ்பிளேசியா இல்லை. இந்த நிலையில் புற்றாக மாறுவது வருடத்துக்கு 200 பேரில் ஒருவருக்கும் குறைவுதானாம். 3 வருடம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி.

செங்கல் வைத்துவிட்டோம். தினமும் சாப்பிட்டதும் "இன்னிக்கும் எரியலம்மா" என்று நைனா எனக்கு நல்ல சேதி சொல்வதுபோலச் சொல்கிறார். "சரி நைனா" என்று சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்க்கிறேன்.